தண்ணீர் வந்தபின் தயம்மும் ஏன்?

 



மக்தபில் ஓதும் சிறு பிள்ளையும் அறிந்த மஸ்அலா ஒன்று உண்டு. உளூச் செய்யத் தண்ணீர் கிடைக்கவில்லை. அல்லது தண்ணீர் பட்டால் நோய் கூடிவிடும் என்ற நிலை. அப்போது சுத்தமான மண்ணில் கைகளை அடித்து, முகத்தையும் கைகளையும் தடவித் தயம்மும் செய்துகொள்ளலாம். மார்க்கமே தந்த சலுகை அது. ஆனால் தண்ணீர் கிடைத்துவிட்டால்? அதை உபயோகிக்கவும் முடியும் என்றாகிவிட்டால்? அந்தக் கணமே தயம்மும் முறிந்துவிடுகிறது. நேற்றுவரை கூடியது இன்று கூடாது. தக்க காரணத்துக்காக, அதாவது உத்ருக்காக, எது அனுமதிக்கப்பட்டதோ அது அந்த உத்ர் நீங்கியவுடன் தானும் நீங்கிவிடும் என்பது ஃபிக்ஹுக் கலையின் பொது விதிகளுள் ஒன்று.

2020-ஆம் ஆண்டில் உலகத்தையே வீட்டுக்குள் உட்கார வைத்த கொரோனாத் தொற்று நமக்கு எத்தனையோ 'தயம்மும்'களைத் தந்தது. பள்ளிவாசலுக்குப் பதிலாக வீடு. தோளோடு தோள் சேர்ந்த ஸஃபுக்குப் பதிலாக ஆறடி இடைவெளி. முஸாபஹாவுக்குப் பதிலாகத் தூரத்திலிருந்து ஒரு ஸலாம். உஸ்தாதின் முன் மண்டியிட்டு ஓதுவதற்குப் பதிலாகக் கைப்பேசி. நோயாளியின் தலைமாட்டில் அமர்வதற்குப் பதிலாக வாட்ஸ்அப்பில் ஒரு குரல். அன்று அவை யாவும் சரி. ஆனால் தண்ணீர் வந்து வருடங்கள் ஆகிவிட்டனவே! இன்னமும் நாம் மண்ணைத் தடவிக்கொண்டிருப்பது ஏன்? அதைப் பற்றித்தான் இம்மாதம் உங்களோடு பேச வேண்டியிருக்கிறது.

விலகி நின்றதும் மார்க்கமே

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். அந்நாட்களில் பள்ளிவாசல்கள் மூடப்பட்டபோது, "அல்லாஹ்வின் வீட்டை மூடலாமா? ஈமான் எங்கே போயிற்று?" என்று மனம் நொந்து கேட்டவர்கள் உண்டு. அவர்களுடைய வேதனை உண்மையான வேதனை. ஆனால் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டு நின்றது ஈமானின் குறைவு அன்று.

கொள்ளைநோய் பரவிய ஊருக்குள் செல்ல வேண்டாம் என்றும், நீங்கள் இருக்கும் ஊரில் அது பரவினால் அதற்கு அஞ்சி அங்கிருந்து ஓட வேண்டாம் என்றும் கட்டளையிட்டவர்கள் நம் நாயகம் (ஸல்) அவர்கள்தாம். நோயுற்ற ஒட்டகத்தை நலமான ஒட்டகத்தோடு சேர்க்கலாகாது என்றவர்களும் அவர்களே. கடும் மழை நாளில், பாங்கில் தொழுகைக்கு அழைக்கும் இடத்தில் உங்கள் இல்லங்களிலேயே தொழுதுகொள்ளுங்கள் என்று அறிவிக்கச் செய்தார்கள் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள். 2020 மார்ச்சில் குவைத் நாட்டுப் பள்ளிவாசல்களில் அந்த அறிவிப்பு ஒலித்தபோது, அங்கே உழைத்துக்கொண்டிருந்த நம் சபுராளிகள் பலர் கண்ணீர் விட்டு அழுதார்கள். அந்தக் கண்ணீருக்குக் காரணமான சொல் புதுமை அன்று. ஸுன்னத்தின் வழிவந்த சொல்.

புகாரி ஷரீஃபுக்கு விரிவுரை எழுதிய இமாம் இப்னு ஹஜர் அஸ்கலானி (ரஹ்) அவர்கள் கொள்ளைநோயைப் பற்றித் தனி நூலே இயற்றியிருக்கிறார்கள். தம் பெண்மக்கள் மூவரை அந்த நோய்க்குப் பறிகொடுத்த தகப்பனார் அவர்கள். ஹிஜ்ரி 833-ல், அதாவது கி.பி. 1430-ல், கெய்ரோ நகர மக்கள் மூன்று நாள் நோன்பிருந்து, பாலைவெளியில் ஒன்றுகூடித் துஆச் செய்து திரும்பினார்கள். அதற்கு முன் நாளொன்றுக்கு 40-க்கும் குறைவாக இருந்த மரணம், அந்த மாதம் முடிவதற்குள் ஆயிரத்தைத் தாண்டியது என்று அவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். துஆவில் குறை இல்லை சகோதரர்களே! கூடிய கூட்டத்தில்தான் குறை இருந்தது.

ஆகவே விலகி நின்றோம், உயிரைக் காத்தோம். வல்ல நாயன் அதற்கும் கூலி தருவான், இன்ஷா அல்லாஹ்.

திரும்பிச் சென்றவரே திரும்பி வந்தார்

கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ஷாம் தேசத்தை நோக்கிப் பயணமானார்கள். 'ஸர்க்' என்னும் இடத்தை அடைந்தபோது, முன்னே கொள்ளைநோய் பரவியிருக்கிறது என்ற செய்தி வந்தது. ஆலோசனை கேட்டார்கள், திரும்பிவிட முடிவு செய்தார்கள். "அல்லாஹ்வின் விதியை விட்டு ஓடுகிறீர்களா?" என்று அபூ உபைதா (ரலி) அவர்கள் வினவ, அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து அவனுடைய மற்றொரு விதியின்பால் செல்கிறோம் என்று பதில் இறுத்தார்கள் அமீருல் முஃமினீன். கொரோனாக் காலத்தில் இந்தச் சம்பவத்தைச் சொல்லாத மிம்பர் இல்லை. எழுதாத பத்திரிகை இல்லை.

ஆனால் இந்த வரலாற்றின் பிற்பகுதியை நாம் சொன்னோமா?

ஹிஜ்ரி 18-ஆம் ஆண்டின் அந்த 'அம்வாஸ்' கொள்ளைநோயில் அபூ உபைதா (ரலி) அவர்களும், முஆத் இப்னு ஜபல் (ரலி) அவர்களும், இன்னும் பல்லாயிரம் பேரும் மறைந்தார்கள். பின்னர் பொறுப்பேற்ற அம்ரு இப்னுல் ஆஸ் (ரலி) அவர்கள் மக்களை மலைப்பகுதிகளுக்குப் பிரிந்து செல்லச் சொன்னார்கள். நோய் நீங்கியது. நீங்கியவுடன் என்ன நடந்தது? வழியிலேயே திரும்பிச் சென்ற அதே உமர் (ரலி) அவர்கள் நேரில் ஷாமுக்கு வந்தார்கள்! இறந்தோரின் சொத்துக்கள் யாருக்கு என்று தெரியாமல் கிடந்தன. அவற்றை வாரிசுகளுக்குப் பங்கிட்டார்கள். குலைந்து கிடந்த நிர்வாகத்தைச் சீர் செய்தார்கள். மதீனாவில் அமர்ந்துகொண்டு கடிதம் எழுதியிருக்கலாம். எழுதவில்லை, வந்தார்கள்.

நோய் இருந்தபோது போகாமல் இருந்தது எப்படி மார்க்கமோ, நோய் நீங்கியபோது போனதும் அப்படியே மார்க்கம். நாம் முன்பாதியை எடுத்துக்கொண்டோம், பின்பாதியை விட்டுவிட்டோம்.

திருமறையும் இந்தப் பாடத்தையே தருகிறது. போர்க்களத்தில் பகைவரை அஞ்சும் நேரத்தில் எப்படித் தொழுவது என்பதை அந்நிஸா அத்தியாயத்தில் கற்றுத் தந்த இறைவன், அச்சம் தீர்ந்து அமைதி கிட்டிவிட்டால் தொழுகையை முறையாக நிலைநாட்டிவிட வேண்டும் என்று உடனே அடுத்த வசனத்தில் பணிக்கின்றான். சலுகையை வழங்கிய கையோடு அதன் எல்லையையும் வகுத்துவிட்டான்.

பள்ளியின் தரையில் அழியாத வட்டங்கள்

2020 மார்ச் 25 அன்று நாடெங்கும் ஊரடங்கு தொடங்கியது. சரியாக ஒரு மாதம் கழித்து, ஏப்ரல் 25-ல் ரமளான் பிறந்தது. ஸஹருக்கு எழுப்பும் ஒலி இல்லை; தராவீஹ் இல்லை; இஃப்தார் விரிப்பு இல்லை. அந்த ஆண்டு நோன்புக் கஞ்சிக்காகத் தமிழக அரசு 2,895 பள்ளிவாசல்களுக்கு 5,450 டன் அரிசி வழங்கியது. பள்ளியில் காய்ச்ச வழியில்லாததால் அதை வீடு வீடாகப் பிரித்துக் கொடுத்தோம். மே 25-ல் பெருநாள். ஈத்காஹ் வெறுமையாகக் கிடந்தது. புத்தாடை இல்லாத பிள்ளைகளைத் திண்ணையில் வரிசையாக நிறுத்தித் தகப்பன்மார்கள் இமாமத் செய்தார்கள்.

செப்டம்பர் 1-ல் பள்ளிகள் அனைத்தும் திறக்க அனுமதி கிடைத்தபோது, எங்கள் ஜமாஅத்தில் தரையில் மஞ்சள் வண்ணத்தால் வட்டங்கள் வரைந்தோம். ஒரு வட்டத்துக்கு ஒருவர். 2021-ல் இரண்டாம் அலை வந்து மீண்டும் மூடினோம், மீண்டும் திறந்தோம். 2022 மார்ச் இறுதியோடு மத்திய அரசின் கட்டுப்பாடுகள் முடிவுக்கு வந்தன. 2023 மே 5 அன்று, உலகளாவிய அவசரநிலை முடிந்தது என்று உலக சுகாதார அமைப்பும் அறிவித்துவிட்டது.

வட்டங்கள் மட்டும் அழியவில்லை. ஸஃபை நேராக்குங்கள், நெருங்கி நில்லுங்கள் என்று இமாம் திரும்பிப் பார்த்துச் சொன்னாலும், பழைய வட்டத்தைத் தேடிப்போய் நிற்கும் சகோதரர்களை இன்றும் காண்கிறேன். இடைவெளியை அடைத்து நிற்கச் சொன்னார்களே நம் நாயகம் (ஸல்) அவர்கள்! வண்ணத்தைச் சுரண்டி எடுத்துவிடலாம்; மனத்தில் வரைந்ததை எப்படி எடுப்பது?

ஒன்றை மறந்துவிடக் கூடாது. உறுப்பு மாற்றுச் சிகிச்சை பெற்றவர், புற்றுநோய்க்கு மருந்து எடுப்பவர், மூச்சுத் திணறலால் அவதிப்படும் முதியவர் போன்றோருக்கு உத்ர் இன்னும் நீங்கவில்லை. அவர்கள் முகக்கவசத்தோடு ஓரமாக நின்றாலோ, வீட்டிலேயே தொழுதாலோ யாரும் ஏளனமாகப் பார்க்க வேண்டாம். தண்ணீர் கிடைக்காதவருக்குத் தயம்மும் முறிவதில்லை. பேச்சு நம்மைப் பற்றியது. நலமாக இருக்கும் நம்மைப் பற்றியது.

தொற்று போயிற்று, கடன் போகவில்லை

ஊரடங்கு எல்லோருக்கும் ஒன்றுபோல் இருக்கவில்லை. மாதச் சம்பளக்காரர் சிலர் வீட்டிலிருந்தே கணினியில் வேலை பார்த்தார்கள். அன்றாடம் காய்ச்சிகளுக்கு வீட்டிலிருந்து பார்க்க என்ன வேலை இருக்கிறது? ரமளானில் மட்டும் இரவு பகலாகத் தைத்து வருடத்தை ஓட்டும் தையற்காரருக்கு அந்த ரமளான் போயிற்று. கல்யாணச் சமையலை நம்பிய பண்டாரிக்குத் தேக்சா கவிழ்ந்தே கிடந்தது. விசா முடிந்த சபுராளிகள், 2020 மே 7 முதல் அரசு அனுப்பிய விமானங்களில் இடம் கிடைக்குமா என்று அறைக்குள் அடைந்து காத்திருந்தார்கள். திரும்பி வந்தவர்களுள் எல்லோரும் மீண்டும் வேலைக்குப் போய்விடவில்லை.

எங்கள் ஜமாஅத்துத் தையற்காரர் ஒருவர் மகளின் பள்ளிப் பாடத்துக்கென்று கைப்பேசி வாங்கவும், கடை வாடகை கட்டவும் வட்டிக்குக் கடன் பட்டார். அந்தக் கடன் இன்றும் தீரவில்லை. அவருக்குக் கடை வாடகைக்கு விட்டவர் முதல் நான்கு மாத வாடகையை வேண்டாம் என்று விட்டுக்கொடுத்தார். அல்லாஹ் அவருக்குப் பரக்கத் செய்வானாக! ஆனால் வட்டிக்காரனிடம் அவர் சிக்கியது நம் யாருக்கும் தெரியாது. தெரியாதா? கேட்கவில்லை! கடன்பட்டவர் கஷ்டத்தில் இருந்தால் வசதி வரும்வரை அவகாசம் கொடுக்க வேண்டும். தள்ளுபடி செய்துவிடுவது அதைவிடச் சிறந்தது என்பது அல்பகரா அத்தியாயத்தின் போதனை. ஜமாஅத் பணத்தில் வட்டியில்லாத அழகிய கடன் கொடுக்க ஒரு சிறு நிதி இருந்திருந்தால், அந்த மனிதர் வட்டிக்காரனின் வாசலை மிதித்திருப்பாரா?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2020-ல் எங்கள் ஜமாஅத்தார் ஒரு நோட்டுப் போட்டார்கள். எந்த வீட்டில் அரிசி இல்லை, எந்த வீட்டில் சர்க்கரை நோயாளிக்கு மருந்து இல்லை, எந்தப் பெண் இத்தாவில் தனித்திருக்கிறாள் என்றெல்லாம் தெருவாரியாக எழுதினார்கள். நோயோடு பழியும் சேர்ந்து நம் சமுதாயத்தின் மேல் விழுந்த அதே நாட்களில், தமிழகத்தின் பல ஊர்களில் முஸ்லிம் இளைஞர்கள், உற்றாரும் தொட அஞ்சிய உடல்களை, எந்தச் சமயத்தவர் என்று பாராமல் அவரவர் முறைப்படி அடக்கம் செய்தார்கள். பழிக்கு அதைவிடச் சிறந்த பதில் எது?

கட்டுப்பாடு நீங்கியதும் அந்த நோட்டை மூடிவிட்டோம். இது தயம்மும் என்று நினைத்துவிட்டோம் போலும்! இல்லை சகோதரர்களே! அண்டை வீட்டாரின் அடுப்பு எரிகிறதா என்று பார்ப்பது தற்காலிகச் சலுகை அன்று. அதுதான் தண்ணீர், அதுதான் உளூ.

ஓத வராத பிள்ளை

தமிழ்நாட்டில் ஒன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு 2020 மார்ச்சில் மூடிய பள்ளிக்கூடம் 2021 நவம்பர் 1-ல்தான் திறந்தது. ஏறத்தாழ 19 மாதங்கள்! கல்வித் தொலைக்காட்சியில் பாடம் நடந்தது. கைப்பேசி உள்ள வீடுகளில் அதிலும் நடந்தது. இல்லாத வீட்டுப் பிள்ளை எழுத்தையே மறந்தது.

மக்தபிலும் அதே கதைதான். நானும் கைப்பேசியில் ஓதிக் கொடுத்தேன். 'ஹா'வுக்கும் 'ஹ'வுக்கும் தொண்டையில் எங்கே வேறுபாடு என்று உஸ்தாத் வாயைத் திறந்து காட்ட வேண்டும். பிள்ளை பார்க்க வேண்டும். தவறினால் அங்கேயே திருத்த வேண்டும். சிறு கண்ணாடிச் சில்லுக்குள் அது எப்படி நடக்கும்? ஆயினும் அன்றைக்கு அதுவாவது கிடைத்ததே என்று அல்லாஹ்வைப் புகழ்ந்தோம்.

மக்தபு திறந்த நாளில் பாதிக்கும் குறைவான பிள்ளைகளே வந்தார்கள். மீதிப் பேர் எங்கே? சிலருக்குக் கைப்பேசி ஓதுதலே போதும் என்று பெற்றோர் முடிவு செய்துவிட்டார்கள். ஒரு பையன், 13 வயதில், வீட்டுக் கஷ்டத்துக்காக இருசக்கர வாகனப் பட்டறைக்கு வேலைக்குப் போனவன், பள்ளிக்கூடத்துக்கும் திரும்பவில்லை, மக்தபுக்கும் திரும்பவில்லை. யாஸீன் சூராவைப் பாதி மனனம் செய்திருந்தவன் அவன். இன்று வழியில் பார்த்தால் கையில் உள்ள கறையை மறைத்துக்கொண்டு ஸலாம் சொல்கிறான்.

2021 அக்டோபர் 27-ல் 'இல்லம் தேடிக் கல்வி' என்ற திட்டத்தை அரசு விழுப்புரம் மாவட்டத்தில் தொடங்கியது. தன்னார்வலர்கள் மாலை நேரத்தில் தெருத் தெருவாக அமர்ந்து, விட்டுப்போன பாடத்தைச் சொல்லிக் கொடுத்தார்கள். அரசாங்கமே பிள்ளையின் இல்லத்தைத் தேடிப் போனது. மறுமையில் பதில் சொல்ல வேண்டிய நாம், மக்தபுக்கு வராத பிள்ளையின் வாசலைத் தேடிப் போனோமா?

நான் விட்ட கடமை

ஊருக்கு உபதேசம் செய்பவன் தன்னை மறைத்துக்கொள்ளலாகாது. ஆகவே இதையும் எழுதுகிறேன்.

எனக்கு அலிஃப், பே தொடங்கிக் குர்ஆனை ஓதிக்கொடுத்த உஸ்தாத் அடுத்த ஊரில் இருந்தார்கள். பஸ்ஸில் முக்கால் மணி நேரம். ஊரடங்குக் காலத்தில் அவர்களோடு கைப்பேசியில் பேசப் பழகினேன். ஊரடங்கு போயிற்று, பழக்கம் போகவில்லை. 2023-ல் அவர்கள் படுக்கையில் விழுந்தார்கள். வாரம் இரு முறை வாட்ஸ்அப்பில் ஸலாமும் துஆவும் அனுப்பினேன். "அடுத்த வாரம் வருகிறேன் ஹஜ்ரத்" என்றும் சொன்னேன். மத்ரஸா வேலை, நிக்காஹ், பயான் என்று அந்த அடுத்த வாரம் வரவே இல்லை. வந்தது வஃபாத்துச் செய்திதான். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

ஜனாஸாவுக்கு மட்டும் அதே பஸ்ஸில் போய்விட்டேன். அதற்கு நேரம் கிடைத்தது. அடக்கம் முடிந்து கபுருஸ்தான் வாசலில் நின்றபோது, அவர்களுடைய மகன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணே, நீங்க அனுப்புற குரலை அத்தா ரெண்டு மூணு தடவை போடச் சொல்லிக் கேப்பாங்க. 'புள்ள வந்தா நேர்ல ஒரு மஸ்அலா பேசணும்'னு சொல்லிக்கிட்டே இருந்தாங்க" என்றார். குற்றமாகச் சொல்லவில்லை, அன்பாகத்தான் சொன்னார்.

அது என்ன மஸ்அலா என்று எனக்குத் தெரியாது. இனித் தெரியப்போவதும் இல்லை.

நோயுற்றவரை நலம் விசாரிக்கச் செல்வது ஒரு முஸ்லிமின் மேல் மற்றொரு முஸ்லிமுக்கு உள்ள உரிமை. நான் நோயுற்றிருந்தபோது நீ என்னை ஏன் காண வரவில்லை என்று மறுமையில் அல்லாஹ் அடியானிடம் கேட்பான் என்றும், இன்ன அடியானைப் போய்ப் பார்த்திருந்தால் அவனிடத்தில் என்னைக் கண்டிருப்பாயே என்பான் என்றும் ஹதீஸ் குத்ஸியில் வந்திருக்கிறது. இந்த ஹதீஸை எத்தனையோ மேடைகளில் ஓதியவன் நான்! துபாயில் இருக்கும் மகன் தாயோடு கைப்பேசியில் பேசுவது ரஹ்மத். அவனுக்கு உத்ர் இருக்கிறது. முக்கால் மணி நேரத் தொலைவில் இருந்த எனக்கு என்ன உத்ர்?

திரும்பியதும் திரும்பாததும்

இதில் விசித்திரம் ஒன்று உண்டு. ஊரடங்கில் நிக்காஹ்வுக்கு 50 பேர் என்று வரம்பு வைத்தார்கள். வீட்டு முற்றத்தில், சுருக்கமான செலவில், ஸுன்னத்தான நிக்காஹ் எத்தனையோ நடந்தது. ஏழைத் தகப்பனார் பலர், "இப்படியே இருந்துவிட்டால் நன்றாயிருக்குமே ஹஜ்ரத்" என்று என் காதில் சொன்னதுண்டு. கட்டுப்பாடு நீங்கியதுதான் தாமதம்! மண்டபமும் மின்விளக்கும் முப்பது வகைப் பதார்த்தமும் ஓடோடி வந்துவிட்டன. விட்டுவிட வேண்டியதற்கு உடனே திரும்பினோம். திரும்ப வேண்டிய ஸஃபுக்கும், மக்தபுக்கும், நோயாளியின் தலைமாட்டுக்கும் இன்னும் திரும்பவில்லை. இதுதானா நாம் கற்ற பாடம்?

ஆகவே சகோதரர்களே, சகோதரிகளே! இந்த இதழைக் கீழே வைப்பதற்கு முன் நான்கு காரியங்களை நிய்யத்துச் செய்யுங்கள். வரும் ஜும்ஆவில் பக்கத்தில் நிற்பவரோடு நெருங்கி நின்று, தொழுகை முடிந்ததும் அவர் கையைப் பிடித்து நலம் கேளுங்கள். கைப்பேசியில் மட்டும் விசாரித்துவரும் ஒரு நோயாளியையோ முதியவரையோ இந்த வாரமே நேரில் போய்ப் பாருங்கள். உங்கள் தெருவில் ஓதுவதை நிறுத்திய பிள்ளையின் வீட்டுக்குப் போய் விவரம் கேளுங்கள். கஷ்டம்தான் காரணம் என்றால் ஜமாஅத்துக்குச் சொல்லுங்கள். ஜமாஅத் நிர்வாகிகளே, அந்தப் பழைய நோட்டைத் தேடி எடுங்கள்! அதில் எழுதிய வீடுகளுள் எத்தனை வீட்டில் அன்றைய கடன் இன்னும் இருக்கிறது என்று பாருங்கள். நானும் அந்தப் பட்டறைக்குப் போவதாக நிய்யத்து வைத்திருக்கிறேன். பகலில் வர முடியாதவனுக்கு இஷாவுக்குப் பிறகு ஓதிக் கொடுத்தால் என்ன? யாஸீனில் மீதிப் பாதி இருக்கிறதே!

யா அல்லாஹ்! அந்தக் கொடிய நோயில் எங்களை விட்டுப் பிரிந்தோரின் பிழைகளைப் பொறுத்து அவர்களுடைய கபுருகளை ஒளிமயமாக்குவாயாக! குளிப்பாட்டவும் கபனிடவும் முறைப்படி இயலாமல் நாங்கள் அனுப்பி வைத்தோரை உன் ரஹ்மத்தைக் கொண்டு தூய்மையாக்கி ஏற்றுக்கொள்வாயாக! நீ தந்த சலுகையை நன்றியோடு ஏற்கவும், அதன் தவணை முடிந்ததும் கடமைக்குத் திரும்பவும் எங்களுக்குத் தவ்ஃபீக் செய்வாயாக! எங்கள் ஸஃபுகளை நெருக்கமாக்கியது போல் எங்கள் இதயங்களையும் நெருக்கமாக்குவாயாக!

ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்!